வீடு சந்திக்கப் போகிறவர்களுக்கு: வைராக்கியமும் குறையக்கூடாது, வாசலும் மூடக்கூடாது

வீடு சந்திப்பு முடிந்து சபைக்குத் திரும்பியதும் கேட்கப்படும் முதல் கேள்வி, "எத்தனை வீடு?" அடுத்தது, "எத்தனை கைப்பிரதி?" இரண்டும் நோட்டில் ஏறிவிடும். அடுத்த மாதம் அதே தெருவுக்குள் நுழைந்தால் எத்தனை பேர் முகம் கொடுத்துப் பேசுவார்கள் என்ற கணக்கு மட்டும் எந்த நோட்டிலும் இருக்காது. எங்களைக் கேட்டால் ஊழியத்தை அளக்க வேண்டிய படி அதுதான். அக்கம்பக்கத்து இந்துக் குடும்பங்களைப் பார்க்கப் போகும் கிறிஸ்தவ விசுவாசிகளுக்காக இதை எழுதுகிறோம். வேறு மதத்தார் தங்கள் நம்பிக்கையைச் சொல்லப் போனாலும் இதில் பாதிக்கு மேல் பொருந்தும்.

ஊழியக் கூட்டங்களில் அதிகம் எடுத்தாளப்படும் வசனம் 1 பேதுரு 3:15. "எப்பொழுதும் ஆயத்தமாயிருங்கள்" என்ற கடைசிப் பகுதிக்குத்தான் எல்லோரும் அழுத்தம் கொடுப்பார்கள். அதே வசனத்தில் "விசாரித்துக் கேட்கிற யாவருக்கும்" என்று இருக்கிறது. "சாந்தத்தோடும் வணக்கத்தோடும்" என்றும் இருக்கிறது. கேட்கிறவனுக்குத்தான் பதில். அந்தப் பதிலிலும் மரியாதை இருக்க வேண்டும். தன்னை ஏற்காத சமாரிய கிராமத்தின்மேல் வானத்திலிருந்து அக்கினி இறங்கட்டுமா என்று யாக்கோபும் யோவானும் கேட்டபோது, இயேசு அதட்டியது கிராமத்தாரை இல்லை, அந்த இருவரைத்தான் (லூக்கா 9). வைராக்கியம் மட்டும் போதும் என்று நினைப்பவர்கள் அந்த அதிகாரத்தை ஒரு முறை நிதானமாகப் படிக்கட்டும்.

யார், எப்போது

இரண்டு பேராகப் போங்கள். நான்கு பேர் வாசலில் நின்றால் அது சந்திப்பாக இருக்காது, முற்றுகையாகிவிடும். பகலில் பெரும்பாலான வீடுகளில் பெண்கள் மட்டும்தான் இருப்பார்கள், ஆகவே ஜோடியில் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும். ஆண்கள் இருவர் மட்டும் போயிருந்தால் வாசற்படியைத் தாண்டாதீர்கள், உள்ளே கூப்பிட்டாலும் திண்ணையிலேயே இருங்கள். இருவரில் ஒருவர்தான் பேச வேண்டும். மற்றவர் கவனிக்கிறவர்: அடுப்பில் பால் பொங்குகிறதா, உள்ளே குழந்தை அழுகிறதா, கேட்கிறவர் கண் கடிகாரத்துக்குப் போகிறதா என்று பார்ப்பது அவர் வேலை. பேசுகிறவருக்கு இதெல்லாம் தெரியாது, அவர் பேச்சிலேயே இருப்பார். புறப்படுவதற்கு ஒரு ஜாடையை இருவரும் முன்கூட்டியே வைத்துக்கொள்ளுங்கள். பைபிளை மூடிப் பைக்குள் வைப்பதே போதும்.

மாலை நாலரைக்கும் ஐந்தரைக்கும் இடைப்பட்ட நேரம் நல்லது. ஆறு மணிக்கு மேல் விளக்கு வைக்கும் நேரம். அப்போது போய் நிற்பது, நீங்கள் ஜெபத்தில் முழங்காலில் இருக்கும்போது ஒருவர் வந்து தோளைத் தட்டுவது போலத்தான். செவ்வாய், வெள்ளி மாலைகளையும் அமாவாசையையும் தவிர்த்துவிடுங்கள். அம்மன் கோயிலில் கூழ் ஊற்றும் வாரம் அந்தத் தெருப்பக்கமே போக வேண்டாம். பொதுத்தேர்வு எழுதும் பிள்ளை இருக்கும் வீட்டுக்குத் தேர்வு முடிந்ததும் போகலாம். துக்க வீட்டுக்குக் கட்டாயம் போங்கள். ஆனால் பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை கைப்பிரதியையும் பைபிளையும் பையிலிருந்து வெளியே எடுக்கக்கூடாது. நாற்காலி எடுத்துப் போடுங்கள், தண்ணீர்க் கேன் தூக்குங்கள். செத்தவர் எங்கே போனார் என்று தீர்ப்புச் சொல்ல உங்களை யாரும் கேட்கவில்லை. கேட்டாலும் சொல்லாதீர்கள்.

வாசலில் முதல் இரண்டு நிமிடம்

செருப்பைக் கழற்றி ஓரமாக விடுங்கள், கோலத்தை மிதிக்காதீர்கள். யார் என்பதையும் எதற்கு வந்தீர்கள் என்பதையும் முதல் மூச்சிலேயே சொல்லிவிட வேண்டும்.

"வணக்கம்மா. நாங்க பின்னாடித் தெரு, தண்ணி டேங்க் பக்கத்துல இருக்கோம். சர்ச்சுல இருந்து வந்திருக்கோம். இயேசுவைப் பத்தி ரெண்டு நிமிஷம் பேசலாமா, இல்ல இன்னொரு நாள் வரட்டுமா?"

கடைசிப் பாதிதான் முக்கியம். "வேண்டாம்" என்று நேராகச் சொல்ல நம் ஊரில் பலருக்கும் கூச்சம். வந்தவரை வாசலோடு அனுப்புவது மரியாதை இல்லை என்று வளர்ந்தவர்கள். "இன்னொரு நாள்" என்று நீங்களே வழி விட்டால், அதைப் பிடித்துக்கொண்டு சிரித்த முகத்தோடு அனுப்பிவிடுவார்கள். அந்தச் சிரிப்பு அடுத்த முறைக்கான முதலீடு. வழி விடாமல் நெருக்கினால் உட்கார வைப்பார்கள், தலையாட்டுவார்கள், நீங்கள் தெருமுனை திரும்புவதற்குள் திட்டுவார்கள். அடுத்த முறை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு டிவி சத்தத்தைக் கூட்டுவார்கள்.

"சர்வே எடுக்கிறோம்", "ஆரோக்கிய முகாம் பற்றிச் சொல்ல வந்தோம்" என்று வேறு காரணம் சொல்லி உள்ளே போவது பொய். சத்தியத்தைச் சொல்லப் போகிறவர் பொய்யைச் சாவியாகப் பயன்படுத்தினால் மீதியை யார் நம்புவார்கள்?

உள்ளே உட்கார்ந்ததும் முதல் பத்து நிமிடம் அவர்கள் பேசட்டும். பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள், வீட்டுக்காரர் எங்கே வேலை, ஊர் எது என்று சாதாரணமாகக் கேளுங்கள். எந்த ஊர் என்று கேட்கலாம். அதைத் தொடர்ந்து "என்ன ஆளுங்க?" என்று கேட்கவே கூடாது. மொத்தச் சந்திப்பும் இருபது நிமிடத்தைத் தாண்ட வேண்டாம், அதில் உங்கள் செய்தி ஐந்து நிமிடம்.

சபைத் தமிழும் தெருத் தமிழும்

நல்ல எண்ணத்தோடு போகிறவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். சபையில் பல வருடம் புழங்கிய சொற்கள் நமக்குத் தேனாக இருக்கும். எதிரில் இருப்பவர் காதில் அதே சொல் வேறு விதமாக விழும்.

"பாவி" என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். "நீங்க பாவி, உங்களுக்காக அவர் மரித்தார்" என்று தொடங்குகிறவர்கள் உண்டு. தமிழில் "பாவி" என்பது வசவு. "அடப்பாவி", "படுபாவி", "பாவிப்பய" என்று சண்டையில்தான் அது வரும். வீட்டுக்குள் உட்கார வைத்துக் காபி கொடுத்தவரை வைததாக ஆகிவிடுகிறது. "பாவம்" என்றாலோ "ஐயோ பாவம்" என்ற இரக்கமும் சேர்ந்து ஒலிக்கும். ரோமர் 3:23 "எல்லாரும்" என்கிறது, பேசுகிறவரும் அதற்குள் அடக்கம். ஆகவே, "நாம எல்லாருமே தப்புப் பண்றோம். பண்ணக் கூடாதுன்னு தெரிஞ்சே பண்றோம். என்னால அதை விட முடியல" என்று உங்களிடமிருந்து தொடங்குங்கள்.

அந்த வாக்கியத்தில் "நாம" என்று இருப்பதைக் கவனியுங்கள். "நாங்க" என்றால் கேட்கிறவர் வெளியே, "நாம" என்றால் உள்ளே. "நாங்க எல்லாம் மன்னிப்புக் கிடைச்சவங்க" என்று சொன்ன நொடியில் கூடத்தின் நடுவில் சுவர் எழும்பிவிடுகிறது. பேசிப் பழகும்போது ஜோடியில் ஒருவர் "நாங்க" வரும் இடங்களை எண்ணிச் சொல்லட்டும். எண்ணிக்கை பயமாக இருக்கும்.

"ஆவி" சபையில் பரிசுத்தமானது, இட்லிப் பானையில் ஆவி, தெருவிலோ பேய். "உங்க மேல ஆவியானவர் இறங்குவார்" என்று நடுத்தர வயதுப் பெண்மணியிடம் சொன்னால், அவர் மருமகளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் வைத்துக்கொள்வார். "இரத்தத்தால் கழுவப்பட்டு" என்பதும் அப்படித்தான், பின்னணி தெரியாதவருக்கு அது அருவருப்பு. முதல் சந்திப்பில் "கடவுள்", "மன்னிப்பு", "நிம்மதி", "இயேசு சாமி" போதும். "இயேசு சாமி" என்பது அவர்களே பயன்படுத்தும் சொல், திருத்தாதீர்கள்.

"உங்களுக்காக வேண்டிக்கிறோம்" என்பதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. வேண்டுதல் என்றால் நேர்த்திக்கடன் என்று நினைப்பவர் பலர். வேளாங்கண்ணிக்கு மொட்டையடிக்கவும் மெழுகுவர்த்தி ஏற்றவும் போகும் இந்துக் குடும்பங்கள் ஏராளம், அந்தப் பழக்கத்தில் "என்ன செய்யணும்? எவ்வளவு போடணும்?" என்று கேட்பார்கள். "ஒண்ணும் செய்ய வேண்டாம்மா, ஒரு பைசா வேண்டாம்" என்று கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

சொல்லவே கூடாதவை: கல்லு, பொம்மை, சாத்தான், அஞ்ஞானி, இருட்டு. பவுல் அத்தேனே பட்டணத்தில் விக்கிரகங்களைப் பார்த்து உள்ளுக்குள் கொதித்தார் என்று அப்போஸ்தலர் 17 சொல்கிறது. ஆனால் மேடையேறியதும், அவர்கள் மிகுந்த பக்தியுள்ளவர்கள் என்பதைக் கண்டதாகத்தான் தொடங்கினார். எபேசுவில் கலவரம் வெடித்தபோது, இவர்கள் உங்கள் தேவியைத் தூஷித்தவர்கள் அல்ல என்று ஊர்ச் சம்பிரதியே கூட்டத்தைப் பார்த்துச் சொன்னான் (அப்போஸ்தலர் 19). எதிர்த்தரப்பு அதிகாரி வாயிலிருந்து அந்தச் சான்று வந்தது. நம்மைப் பற்றி நம் தெருக் கவுன்சிலர் அப்படிச் சொல்வாரா?

தரங்கம்பாடியில் 1706 ஜூலை 9 அன்று இறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு கடுமையாக வாதாடக்கூடியவர்தான். ஆனாலும் அவர் தமிழர்களுக்குக் கேள்விகளை எழுதி அனுப்பி, அவர்கள் சமயத்தைப் பற்றி அவர்களே எழுதிய பதில்களை ஜெர்மன் மொழியில் பெயர்த்து, ஜெர்மனியில் அந்த ஊழியத்துக்குப் பின்பலமாக இருந்த ஹாலே நகரத்துக்கு அனுப்பிவைத்தார். தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி 1713-ல் அவர் எழுதி முடித்த நூலை, இதற்காகவா உம்மை அனுப்பினோம் என்ற தொனியில் அங்கே ஒதுக்கிவிட்டார்கள். 1867-ல்தான் அது சென்னையில் அச்சேறியது. எதிரில் இருப்பவர் என்ன நம்புகிறார் என்று கேட்டுத் தெரிந்துகொள்வது அன்றைக்கும் சிலருக்கு விசுவாசக் குறைவாகப் பட்டிருக்கிறது.

பிரசாதம், தண்ணீர், காபி

முதலில் தண்ணீர். யார் வீட்டில் கொடுத்தாலும் குடிக்க வேண்டும். நம் ஊரில் ஒரு வீட்டில் தண்ணீர் வேண்டாம் என்பதற்குச் சாதி அர்த்தம் உண்டு. தாகம் இல்லை என்று நீங்கள் நினைத்துச் சொன்னது, காலனி வீட்டில் வேறு மாதிரிதான் புரிந்துகொள்ளப்படும். இரண்டு வாய் குடியுங்கள்.

பிரசாதத்தில் சபைக்குச் சபை கருத்து வேறு. விக்கிரகத்துக்குப் படைத்ததைச் சாப்பிடுவது பற்றிப் பேசும் 1 கொரிந்தியர் 10-ஐ வைத்து இரு பக்கமும் வாதாடலாம். நீங்கள் எந்தப் பக்கம் என்பதை வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு புறப்படுங்கள், தட்டு நீட்டப்பட்ட பிறகு முழிக்கக்கூடாது. வாங்குவதில்லை என்றால் கையை உதறாமல், முகத்தைச் சுளிக்காமல், இரு கையையும் கூப்பி, "அன்போட குடுக்கறீங்க, தெரியுது. சாமிக்குப் படைச்சது நான் சாப்பிடறதில்லம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. ஒரு காபி குடுங்க, குடிச்சிட்டுப் போறேன்" என்று சொல்லலாம். மறுத்ததோடு நிறுத்தாமல் வேறொன்றைக் கேட்டு வாங்குவதுதான் இதில் சூட்சுமம், கொடுக்க வந்த கை வெறுமையாகத் திரும்புவதில்லை.

எல்லாவற்றையும்விட மோசமானது, சிரித்துக்கொண்டே வாங்கிவிட்டுத் தெருமுனையில் வீசுவது. சர்க்கரைப் பொங்கல் தொன்னை சாக்கடையில் கிடப்பதைச் சைக்கிளில் வரும் அந்த வீட்டுப் பையன்தான் முதலில் பார்ப்பான். பிறகு அந்தத் தெருவில் பத்து வருடம் நீங்கள் பேசலாம், யாரும் காது கொடுக்க மாட்டார்கள்.

நோயாளி, ஜெபம், மாத்திரை

ஆஸ்பத்திரியில் முதலில் நர்ஸிடம் கேளுங்கள், பிறகு நோயாளியிடம், பிறகு கூட இருப்பவரிடம். மூவரில் ஒருவர் வேண்டாம் என்றாலும் திரும்பிவிட வேண்டும். தலையில் கை வைப்பதற்கு முன் "கை வச்சு ஜெபிக்கலாமா?" என்று கேட்க வேண்டும். குரல் பக்கத்துக் கட்டிலுக்குக் கேட்கக்கூடாது. இரண்டு நிமிடம் போதும், அந்நிய பாஷை வேண்டாம்.

என்ன பாவம் செய்தீர்கள், யார் வைத்த செய்வினை என்ற விசாரணையே வேண்டாம். பிறவிக் குருடனைக் காட்டி இது யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டபோது, இவனும் இல்லை, பெற்றவர்களும் இல்லை என்று பதில் வந்தது (யோவான் 9).

மாத்திரையை நிறுத்தச் சொல்வது ஊழியமாகாது, ஆளைக் கொல்லக்கூடிய காரியம். காசநோய் மாத்திரையை ஆறு மாதத்துக்கு முன் நிறுத்தினால் கிருமி மருந்துக்கு அடங்காததாக மாறலாம். வலிப்பு மாத்திரையைத் திடீரென்று விட்டால் விடாத வலிப்பு வரலாம். இன்சுலினையே நம்பியிருக்கும் சர்க்கரை நோயாளிக்கு அது நின்றால் சில நாளிலேயே உயிருக்கு ஆபத்து. "ஜெபமும் பண்றோம், மாத்திரையும் விடாதீங்க" என்று வாய் திறந்து சொல்லுங்கள். சொல்லாமல் விட்டால் சிலர் தாங்களாகவே நிறுத்திவிடுவார்கள், விசுவாசத்தைக் காட்டுவதற்காக. மனநோயைப் பிசாசு என்று சொல்லித் தனியறையில் அடைப்பது, அடிப்பது, பட்டினி போடுவது எந்தச் சபையில் நடந்தாலும் அங்கிருந்து எழுந்து வெளியே வாருங்கள், போலீசுக்கும் சொல்லுங்கள்.

கேள்வியும் சீண்டலும்

"எத்தனை ரூபா குடுத்து மாத்துறீங்க?" என்ற கேள்வி வரும். கோபப்படாதீர்கள், அதைக் கேட்பவர் எங்கோ எதையோ பார்த்திருக்கலாம். "யாராவது அப்படிச் செஞ்சிருந்தா அது தப்புதாங்க. நாங்க யாருக்கும் குடுக்கறதில்ல, வாங்கறதும் இல்ல" என்று ஒரே வரியில் முடியுங்கள். "வெள்ளைக்காரன் சாமி" என்றால் இயேசு பிறந்தது ஆசியாவில் என்று சொல்லலாம், வரலாற்று வகுப்பு எடுக்க வேண்டாம். நண்பர்கள் முன்னிலையில் சீண்டுகிறவருக்குப் பதில் எதற்கு? கேட்க வேண்டியது இருந்தால் அவர் தனியாக வருவார். பதில் தெரியாவிட்டால் "தெரியல, கேட்டுட்டு வந்து சொல்றேன்" என்பது மிக நல்ல பதில். மறுபடி வருவதற்குக் காரணமும் கிடைத்துவிடுகிறது. வந்து சொல்ல மறக்காதீர்கள்.

உதவியும் செய்தியும் ஒரே பையில் போகக்கூடாது. வெள்ளத்தில் அரிசி கொடுக்கும்போது உள்ளே கைப்பிரதி வைத்தால், வாங்குகிறவர் வேண்டாம் என்று சொல்ல முடியாத நிலையில் இருக்கிறார். அதே காரணத்தால் முதலாளி தன் கடை ஆளிடமும், ஆசிரியர் மாணவனிடமும், கடன் கொடுத்தவர் வாங்கியவரிடமும் இந்தப் பேச்சை எடுக்கக்கூடாது. விடுமுறை வேதாகமப் பள்ளிக்குப் பிள்ளைகள் வந்தால், பைபிள் கதையும் பாட்டும் சொல்லித்தருவோம் என்று அச்சடித்த சீட்டில் பெற்றோர் கையெழுத்து வாங்குங்கள். "வீட்ல சொல்லாத" என்று குழந்தையிடம் சொல்லும் எதுவும் ஆபத்து.

புதிதாக வந்தவர்களுக்கு

விசுவாசத்துக்கு வந்த முதல் வருடத்துச் சூடு வேறு யாருக்கும் வராது. சேதாரமும் அந்த வருடத்தில்தான் அதிகம். பூஜை அறைப் படங்களைக் கழற்றி வீசாதீர்கள். அவை மாமியாருடையவை, உங்கள் சொத்து இல்லை. ஆரத்தி தட்டில் கலந்துகொள்ள முடியாவிட்டால் அந்த நேரத்தில் அடுக்களையில் பாத்திரம் கழுவுங்கள். பொங்கலன்று வீடு கழுவவும் கரும்பு வாங்கவும் முன்னால் நில்லுங்கள். பொட்டு, பூ, தாலி விஷயங்களில் பக்கத்துச் சபை அக்கா சொன்னதைக் கேட்டு ஒரே நாளில் எதையும் கழற்றிவிடாதீர்கள். கணவரோடும் ஆயரோடும் உட்கார்ந்து மாதக்கணக்கில் பேச வேண்டிய காரியம் அது. 1 பேதுரு 3:1 இப்படிப்பட்ட மனைவிகளுக்குச் சொல்வது, கணவரைப் போதனையின்றி நடக்கையால் ஆதாயப்படுத்துங்கள் என்றுதான். குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் காலை ஐந்தரைக்கு ஆடியோ போடுவது நடக்கையில் சேராது.

சட்டம், சுருக்கமாக

அரசியலமைப்பின் 25-வது பிரிவு மதத்தைப் பரப்பும் உரிமையைத் தருகிறது. பரப்பலாம், ஆனால் ஒருவரை மதம் மாற்றுவதை உரிமையாகக் கோர முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1977-ல் சொன்னது. தமிழ்நாட்டில் 2002-ல் வந்த கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் 2004-ல் விலக்கிக்கொள்ளப்பட்டது. ஒடிசாவில் 1967 முதலே இப்படி ஒரு சட்டம் உண்டு, வேறு பல மாநிலங்களிலும் இருக்கிறது. வெளி மாநில ஊழியத்துக்குப் போகிறவர்கள் அங்கத்து வக்கீலைக் கேட்டுவிட்டுப் போகவும். மற்றவர் மத உணர்வை வேண்டுமென்றே புண்படுத்தினால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 299, 302 பிரிவுகள் பாயும். மைக் செட்டுக்குப் போலீஸ் அனுமதி வேண்டும், இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் கூடாது. அடுத்தவர் அமைதியைக் கெடுத்துத்தான் ஜெபிக்க வேண்டும் என்று எந்த மதமும் சொல்லவில்லை என்று உச்ச நீதிமன்றம் 2000-ல் தீர்ப்பளித்தது. அந்த வழக்கு சென்னையில் உள்ள ஒரு சபையைப் பற்றியது என்பதை நாம் மறக்கக்கூடாது.

"வேண்டாம்" என்றால்

முதல் தடவை வேண்டாம் என்றால் நன்றி சொல்லிவிட்டு வாருங்கள். கைப்பிரதியைக் கதவிடுக்கில் செருகாதீர்கள், வண்டி சீட்டில் வைக்காதீர்கள். இரண்டாவது தடவையும் வேண்டாம் என்றால் நோட்டில் குறித்துக்கொண்டு, அவர்களாகக் கூப்பிட்டால் ஒழிய போகாதீர்கள். ஏற்காத வீட்டை விட்டுப் புறப்படும்போது கால் தூசியை உதறச் சொல்லும் வசனத்தை வாசலில் நின்று நடித்துக் காட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். தெருவில் பார்த்தால் வழக்கம்போல் "சாப்பிட்டீங்களா?" கேட்க வேண்டும், அவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்குப் போக வேண்டும், மொய் எழுத வேண்டும்.

சபை நோட்டில் "எத்தனை வீடு" என்ற பத்திக்குப் பக்கத்தில் இன்னொரு பத்தி போடுங்கள்: அவர்கள் நமக்குச் சொன்னது. மகளுக்கு நர்ஸிங் சீட்டுக்கு அலைகிறார்கள், மேல்வீட்டோடு தண்ணீர்ச் சண்டை. தெரு, தேதி போதும், பெயரோ நோய் விவரமோ வேண்டாம். அந்த நோட்டு ஆயர் அலமாரியில் இருக்கட்டும், ஜெபக் குறிப்பு என்று குரூப்பில் போட்டோ எடுத்துப் போட வேண்டாம். அடுத்த மாதம் அந்த வாசலில் நிற்கும்போது முதல் வாக்கியம் அங்கிருந்துதான் வர வேண்டும்: "பாப்பாவுக்கு சீட்டு கிடைச்சுதாம்மா?"